நீரின்றித் தலை முழுகிய வரலாறு

ஒரு பொருளின் பெயரைக் கொண்டே அதன் பிறப்பை உணர்ந்துவிடலாம் என்று எண்ணுவோர் பல வேளைகளில் ஏமாந்து போவர். ‘உலர் ஷாம்பூ’ என்பது அவ்வாறு ஏமாற்றும் பெயர்களுள் ஒன்று. ஷாம்பூ என்றவுடன் நம் கண்முன் நிற்பது நுரை. நுரை என்றவுடன் நினைவுக்கு வருவது நீர். நீரே இல்லாத ஷாம்பூ என்பது எண்ணெய் இல்லாத தீபாவளி நீராட்டைப் போல முரண்பட்டதாகத் தோன்றுகிறது.

ஆயினும் மாணவர்களே, ஷாம்பூ என்னும் சொல் ஆங்கில மொழிக்குள் புகுந்த காலத்தில் அதற்கு நீரோடும் உறவில்லை, தலைமயிரோடும் உறவில்லை. இந்தி மொழியில் ‘சாம்போ’ என்றால் ‘அழுத்து, பிடித்துவிடு’ என்று பொருள். இந்நாட்டில் உடம்பு பிடித்துவிடும் வழக்கத்தைக் கண்ட ஆங்கிலேயர் 18-ஆம் நூற்றாண்டில் அச்சொல்லைத் தமதாக்கிக் கொண்டனர். பாட்னாவில் 1759-இல் பிறந்த சேக் தீன் முகமது என்பார், இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு சேர்ந்து, பின்னர் அயர்லாந்து சென்று குடியேறியவர். ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர் அவரே. அந்நூல் 1794-இல் வெளிவந்தது. 1810-இல் இலண்டனில் இந்திய உணவு விடுதி ஒன்று நடத்திப் பொருள் இழந்தார். பின்னர்ப் பிரைட்டன் கடற்கரை நகரில் மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் செய்யும் நிலையத்தை நிறுவினார். அத்தொழிலுக்கு அவர் இட்ட பெயர்தான் ஷாம்பூயிங். நான்காம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தமக்குரிய ‘ஷாம்பூயிங்’ வல்லுநராக அமர்த்திக்கொண்டார் என்றால் அவர் பெற்ற புகழை உய்த்துணரலாம். அச்சொல் உடம்பிலிருந்து தலைக்கு ஏறி, தலைமயிரைக் கழுவுதல் என்னும் பொருளைப் பெற்றது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

சொல்லின் கதை நிற்க. பொருளின் கதைக்கு வருவோம்.

விடுதிகளில் தங்கிப் பயிலும் மாணவியர் சிலர் இக்காலத்தில் ஒரு வினா எழுப்புகின்றனர். எண்ணெய்ப்பசை மிகுந்த தலைமயிரை நாள்தோறும் கழுவ நேரமில்லை. பல ஊர்களில் நீருமில்லை. இத்தகையோர்க்கு நல்ல உலர் ஷாம்பூ எது என்பதே அவ்வினா. இன்று கடையில் விற்கும் பெயர்களைக் கூறி, இது நன்று, அது தீது என்று தரம் பிரிப்பது வானொலிக்குரிய வேலையன்று; வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவனுக்குரிய வேலையும் அன்று. ஆனால் இதே வினாவை உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பலமுறை கேட்டிருக்கிறது. கிடைத்த விடைகளுள் சில நகைப்பிற்குரியன. சில உயிரைக் குடித்தன. அவற்றை அறிந்தவர்களுக்கு, கையில் உள்ள டப்பாவைத் திருப்பிப் பார்த்தவுடன் அதன் தன்மை விளங்கிவிடும்.

முதலில் எண்ணெய்ப்பசை எங்கிருந்து வருகிறது என்பதை நோக்குவோம். மயிர் முளைக்கும் ஒவ்வொரு குழியை ஒட்டியும் தோலினுள் சிறு சுரப்பி ஒன்று இருக்கிறது. அது கொழுப்பும் மெழுகும் கலந்த ஒருவகை நெய்யைச் சுரந்துகொண்டேயிருக்கும். தோலும் மயிரும் வறண்டு போகாமல் காப்பது அந்நெய்யே. சுரப்பு மிகுதியானால் மயிரிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தலை படிந்து, பிசுபிசுப்பாகத் தோன்றும். நம் நாட்டார் அதற்கு மேலும் எண்ணெய் வார்த்து, பின்னர்ச் சீயக்காயும் அரப்பும் தேய்த்துக் கழுவினர். அவற்றில் உள்ள சபோனின் என்னும் பொருள் நீரில் நுரைத்து எண்ணெயைப் பிரித்தெடுத்துச் செல்லும். இதற்கு நீர் வேண்டும். அதுவும் நிறைய வேண்டும்.

நீர் இல்லாதபோது எண்ணெயை நீக்க வழிகள் இரண்டே. ஒன்று, உறிஞ்சி எடுத்தல். மற்றொன்று, கரைத்து எடுத்தல். சமையலறையில் தரைமீது எண்ணெய் கொட்டிவிட்டால் நம் வீட்டுப் பெண்டிர் என்ன செய்கின்றனர்? தவிட்டையோ மாவையோ அதன்மேல் தூவிச் சற்றுநேரம் விட்டுப் பின் பெருக்கி எடுக்கின்றனர். இஃது உறிஞ்சும் வழி. இயந்திரம் பழுது பார்ப்பவர் கையில் படிந்த கரிய எண்ணெயைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைக்கிறார். இது கரைக்கும் வழி. உலர் ஷாம்பூவின் வரலாறு முழுவதும் இவ்விரண்டு வழிகளுக்கும் இடையே சென்று மீண்ட வரலாறே ஆகும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்க.

உறிஞ்சும் வழியின் பழமை மிகப் பெரிது. ஆட்டுமயிரில் படிந்துள்ள கொழுப்பை நீக்க நெசவாளர் ஒருவகைக் களிமண்ணைப் பயன்படுத்தி வந்தனர். ஆங்கில நாட்டின் கம்பளித் தொழில் அம்மண்ணை நம்பியே பல நூற்றாண்டுகள் நடந்தது. நம் நாட்டில் முல்தான் நகரின் பெயரால் முல்தானி மண் என்று வழங்குவதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆட்டின் மயிருக்கு ஆவது மனிதனின் மயிருக்கும் ஆகும் அல்லவா?

ஆனால் ஐரோப்பாவில் தலையில் தூள் இடும் வழக்கத்தைப் பரப்பியது தூய்மை நாட்டமன்று, ஆடம்பரமே. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையில் பொய்முடி அணியும் வழக்கம் தோன்றிற்று. அடுத்த நூற்றாண்டில் அப்பொய்முடி மீதும், சொந்த முடி மீதும் வெண்ணிறத் தூள் தூவுதல் மேன்மக்களின் அடையாளம் ஆயிற்று. முதலில் விலங்குக் கொழுப்பில் நறுமணம் கூட்டிய களிம்பை மயிரில் தடவுவர். அதன்மேல் துருத்தி போன்ற கருவியால் தூளை ஊதுவர். தூள் பெரும்பாலும் கோதுமையிலிருந்து எடுத்த மாப்பொருள். அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் படத்தில் வெண்ணிறமாகத் தோன்றுவது பொய்முடி என்று பலரும் எண்ணுகின்றனர். அது தூள் இட்ட அவருடைய சொந்த முடியே.

அக்காலத்து ஐரோப்பியர் தலையை நீரால் கழுவுவது அரிது. களிம்பு பழைய அழுக்கை இளக்கும். தூள் அதனை உறிஞ்சும். சீப்பு இரண்டையும் வாரிக் கொணரும். ஆகவே ஆடம்பரத்திற்காக இட்ட தூள் ஒருவாறு துப்புரவும் செய்தது எனலாம். ஒருவாறுதான்! 1770-களில் சீமாட்டிகள் கம்பியும் பஞ்சும் வைத்து ஓரடி, ஒன்றரையடி உயரத்திற்குக் கொண்டை கட்டி, அதைப் பல நாள் கலைக்காமலே இருந்தனர். அக்கொண்டைக்குள் விரல் நுழையாது. ஆதலின் தலை சொறிவதற்கென்றே தந்தத்தால் நீண்ட கோல்கள் செய்து வைத்திருந்தனர். நாகரிகம் என்பது எவ்வளவு அரிப்பையும் பொறுத்துக்கொள்ளச் செய்யும் போலும்.

இத்தூளுக்கு முடிவு கட்டியது மருத்துவர் அறிவுரை அன்று, விலைவாசி. 1794, 1795 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்தது. பிரான்சோடு போரும் நடந்துகொண்டிருந்தது. கோதுமை விலை ஏறிற்று. ஊர்தோறும் ரொட்டிக் கலகங்கள் எழுந்தன. 1795 அக்டோபரில் பாராளுமன்றத்தைத் தொடங்கி வைக்கச் சென்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் வண்டியையே மக்கள் சூழ்ந்துகொண்டு, ரொட்டி வேண்டும், போர் வேண்டாம் என்று கூவினர். உண்ண வேண்டிய கோதுமையைத் தலையில் கொட்டிக்கொண்டு திரிவோரைப் பசித்த மக்கள் எந்தக் கண்ணால் பார்த்திருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவ்வாண்டிலேயே தலைமை அமைச்சர் இளைய பிட் தலைத்தூளுக்கு வரி விதித்தார். அவருக்கு வேண்டியது போர்ச் செலவுக்குப் பணம். தூள் இட விரும்புவோர் ஆண்டிற்கு ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங், செலுத்தி உரிமச் சீட்டுப் பெறவேண்டும். அரச குடும்பத்தினர்க்கும், ஆண்டு வருவாய் நூறு பவுனுக்குக் குறைந்த குருமார்க்கும், படையில் கீழ்நிலையில் உள்ளோர்க்கும் விலக்கு உண்டு. மணமாகாத பெண்மக்கள் பலரைப் பெற்ற தந்தை, இரண்டு சீட்டுக்குப் பணம் கட்டினால் எல்லாப் பெண்களுக்கும் அது செல்லும். சட்டம் இயற்றியவர்களுள் பெண்களைப் பெற்றவர் பலர் இருந்தனர் போலும்! வரி கட்டித் தூள் இட்டவர்களை ‘கினிப் பன்றிகள்’ என்று மக்கள் எள்ளினர். பெட்ஃபோர்டு கோமகன் எதிர்ப்பைக் காட்டத் தம் முடியைக் குட்டையாகக் கத்தரித்துக்கொள்ள, அவரைப் பின்பற்றிப் பலரும் கத்தரித்துக்கொண்டனர். அக்கத்தரிப்புக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று.

1812-இல் 46,000-க்கும் மேற்பட்டோர் இவ்வரியைச் செலுத்தினர். 1855-இல் செலுத்தியவர் 997 பேர். அவர்களும் பெரும்பாலும் செல்வர் மாளிகைகளில் சீருடையோடு வாயிலில் நின்ற ஏவலாளர். எசமானர் விட்டுவிட்ட ஆடம்பரத்தை ஏவலாளர் தலை சுமந்தது. 1869-இல் வரி நீக்கப்பட்டது.

இனி இரண்டாம் வழிக்கு வருகிறோம். இங்கேதான் கதை கடுமையாகிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டார் தலையைச் சோப்பு நீரால் கழுவத் தொடங்கினர். ஆனால் இலண்டன் போன்ற நகரங்களில் கிடைப்பது கடின நீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்தால் மெழுகு போன்ற ஒரு படிவு மயிரில் ஒட்டிக்கொள்ளும். பெண்களின் கூந்தலோ இடுப்பளவு நீண்டது. குளிர்நாட்டில் அதை உலர்த்தக் கணப்பின் முன் நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டும். ஈரத் தலையோடு இருந்தால் நோய் வரும் என்ற அச்சமும் உண்டு. நீரில்லாமல், விரைவில், பளபளப்பாகத் தலையைத் தூய்மை செய்ய ஒரு வழி கிடைத்தால் எத்துணைப் பொன் கொடுக்கவும் செல்வக் குடும்பத்துப் பெண்கள் ஆயத்தமாக இருந்தனர்.

துணி வெளுப்போர் அவ்வழியை முன்னரே கண்டிருந்தனர். பாரிஸ் நகரத்தில் ழோலி என்பார், பட்டும் கம்பளியும் நீர் படாமலே எண்ணெய்க்கறை நீங்குமாறு செய்யும் நிலையத்தை அந்நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே நடத்தினார். டர்பன்டைன் போன்ற ஆவியாகும் எண்ணெய்கள் கொழுப்பைக் கரைக்கும். பின் தாமே ஆவியாகிவிடும். துணிக்கு உலர் வெளுப்பு உண்டென்றால் கூந்தலுக்கு ஏன் கூடாது? சிகை ஒப்பனையாளர் மெல்லிய பெட்ரோலியத் திரவத்தைக் கூந்தலில் ஊற்றித் தேய்க்கலாயினர். சில நிமிடங்களில் கூந்தல் பட்டுப்போல் உலர்ந்து மின்னிற்று.

பெட்ரோலின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதை அக்காலத்தார் அறியாதவர் அல்லர். ஆதலின் விளக்கையும் கணப்பையும் அணைத்துவிட்டே இவ்வேலையைச் செய்வதாகக் கூறினர். ஆனால் உலர்ந்த மயிரைத் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகும் என்பதை இயற்பியல் வகுப்பில் சீப்பையும் காகிதத் துண்டுகளையும் வைத்து நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள். இருட்டறையில் உலர்ந்த கூந்தலை வாரினால் சிறு பொறிகள் தெறிப்பதைக்கூடக் காணலாம். பெட்ரோல் ஆவி நிறைந்த இடத்தில் அத்தகைய ஒரு பொறி போதும். 1897-இல் இலண்டன் நகரின் நாகரிகமான வீதி ஒன்றில், புகழ்பெற்ற சிகை ஒப்பனை நிலையத்தில், பெட்ரோலியக் கழுவல் நடந்துகொண்டிருக்கும்போது தீ மூண்டது. நாற்காலியில் அமர்ந்திருந்த பெண்மணி தீக்காயத்தால் மாண்டார்.

இவ்விடத்தில் தொழில் செய்வோர் தம் வழியைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர்களோ திரவத்தை மட்டுமே மாற்றினர். தீப்பற்றாத திரவம் ஒன்று வேதியியலார் கையில் இருந்தது. அதன் பெயர் கார்பன் டெட்ராகுளோரைடு. ஒரு கரி அணுவும் நான்கு குளோரின் அணுவும் சேர்ந்தது அது. கொழுப்பை நன்கு கரைக்கும், விரைவில் ஆவியாகும், எரியாது. எரியாது என்பது மட்டுமன்று. தீயணைக்கும் கருவிகளிலேயே அதனை நிரப்பி விற்றனர். தீயை அணைக்கும் பொருளைத் தலையில் ஊற்றுவதில் தீங்கு என்ன இருக்க முடியும்? ஒரு தீமையிலிருந்து விடுபடும் அவசரத்தில், மற்றொரு தீமை உண்டா என்று எவரும் கேட்கவில்லை.

கார்பன் டெட்ராகுளோரைடு குளோரோஃபாரத்தின் உடன்பிறப்பு. குளோரோஃபாரத்தை முகரச் செய்து நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தும் மருத்துவர்கள், அது சிலருடைய இதயத்தைத் திடீரென நிறுத்திவிடுவதையும் அந்நாளில் கண்டிருந்தனர். இதன் ஆவி காற்றைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் எடையுள்ளது. ஆகவே எளிதில் மேலே எழுந்து போகாது. ஊற்றிய தலையைச் சுற்றியும் முகத்தருகிலும் தேங்கி நிற்கும். 1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இலண்டனில் பெயர் பெற்ற பேரங்காடி ஒன்றின் சிகை ஒப்பனைப் பிரிவிற்கு இளம்பெண் ஒருவர் உலர் ஷாம்பூ செய்துகொள்ள வந்தார். நடந்து வந்தவர், அத்திரவத்தை ஊற்றத் தொடங்கிய சில நிமிடங்களில் நாற்காலியிலேயே உயிர் நீத்தார். வழக்கும் நடந்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை.

அச்சாவு வீண் போகவில்லை. அறிவியலார் அப்போதுதான் விழித்துக்கொண்டனர். உலர் ஷாம்பூவாகப் பயன்படும் கார்பன் டெட்ராகுளோரைடு பற்றி அவ்வாண்டிலேயே ‘லான்செட்’ மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. ஆயினும் அத்திரவம் துணி வெளுக்கும் கடைகளிலும் வீட்டு அலமாரிகளிலும் மேலும் பல்லாண்டுகள் இருந்துவந்தது. அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது நன்கு உறுதியான பின், 1970-இல்தான் அமெரிக்க அரசு வீட்டு உபயோகப் பொருள்களில் அதனைத் தடை செய்தது. ஒரு பெண்ணின் சாவிற்கும் ஒரு தடைச்சட்டத்திற்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

கரைக்கும் வழி கறைப்பட்டபின், உறிஞ்சும் வழி அடக்கமாகத் திரும்பி வந்தது. உண்மையில் அது வீடுகளை விட்டு முழுதும் நீங்கியதே இல்லை. மாப்பொருளோடு ஐரிஸ் என்னும் செடியின் உலர்ந்த வேர்த்தூளைக் கலந்து தலையில் தூவி வாரும் வழக்கம் மேலைநாட்டு வீடுகளில் இருந்துவந்தது. அவ்வேர் நறுமணம் உடையது. சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாக்கும். படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளிகளுக்கும், பிள்ளை பெற்றவர்களுக்கும் செவிலியர் இம்முறையையே கையாண்டனர். தலையை நனைக்கக்கூடாத ஒருவருக்கு, பிசுபிசுப்பு நீங்கித் தலை இலேசாவது எத்துணை ஆறுதல் என்பதை நோயுற்றோர் அறிவர். உலர் ஷாம்பூவை வெறும் சோம்பேறிகளின் பொருள் என்று இகழ்வோரை நான் ஒப்புக்கொள்ளாமைக்கு இதுவே காரணம்.

பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ்கோப் என்னும் மருந்துக்கடைக்காரர் 1903-இல் பொட்டலங்களில் விற்ற தூள் ஷாம்பூவை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. அது தூள்தான், ஆனால் நீரில் கரைத்துப் பயன்படுத்துவது. உலர் ஷாம்பூ என்றே பெயரிட்டு ஒரு தூள் வணிகச் சரக்காகப் பரவியது அமெரிக்காவில், 1940-களில். ‘மினிபூ’ என்பது அதன் பெயர். தூளைத் தலையில் தூவி, உடன் வரும் கையுறையால் தேய்த்துத் துடைத்து எடுக்க வேண்டும். அது போர்க்காலம். பிரிட்டனில் 1942 பிப்ரவரி முதல் சோப்பிற்கே பங்கீடு வந்துவிட்டது. பெண்கள் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் நேரம் பாராது உழைத்தனர். அத்தகைய காலத்தில் நீரும் சோப்பும் கேட்காத தூள் வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை.

தூளில் ஒரு தொல்லை உண்டு, சிந்தும். அத்தொல்லையைப் போக்க வந்தது பீச்சு டப்பா. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட வாயுவை டப்பாவில் அடைத்து, அதன் விசையால் உள்ளிருக்கும் பொருளை நுண்துளிகளாக வெளியே தள்ளும் உத்தியை நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் ரோத்தெய்ம் 1920-களில் கண்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கொசுவை ஒழிக்க அதனைப் பயன்படுத்தினர். போர் முடிந்ததும் கொசு மருந்து இருந்த டப்பாவிற்குள் நறுமணமும் வண்ணமும் கூந்தல் தூளும் புகுந்தன. அந்நாளில் உந்து வாயுவாக இருந்தது குளோரோஃபுளூரோகார்பன். எரியாதது, நஞ்சு குறைந்தது. ஆனால் அது வானத்தின் உயரே உள்ள ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இருவர் 1974-இல் எடுத்துக்காட்டினர். அமெரிக்கா 1978-இல் டப்பாக்களில் அதனைத் தடுத்தது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உலகெங்கும் அதற்கு வழி செய்தது. அவ்வுடன்படிக்கை பின்னர் விரிவாக்கப்பட்டபோது கார்பன் டெட்ராகுளோரைடும் அப்பட்டியலில் சேர்ந்தது.

குளோரோஃபுளூரோகார்பன் போன இடத்தை நிரப்பியவை எவை? பியூட்டேன், புரொப்பேன் முதலிய வாயுக்கள். அவை பெட்ரோலிய எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் பெறப்படுவன. நம் வீட்டு அடுப்பில் எரிவதும் அவையே. 1897-இல் தீயோடு வெளியேறிய பெட்ரோலியம், இவ்வாறு பின்வாயில் வழியாகக் கூந்தலருகே மீண்டும் வந்து சேர்ந்தது. இம்முறை அது கரைப்பானாக வரவில்லை, தூளைச் சுமக்கும் வண்டியாகவே வந்தது என்பது மெய். ஆயினும் அதன் குணம் மாறிவிடவில்லை. எரியும் அடுப்பின் அருகிலும், ஏற்றிய விளக்கின் முன்னும், சிகரெட் புகைப்போர் பக்கத்திலும் அந்த டப்பாவை அழுத்தலாகாது என்று அதன் புறத்தே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே.

வேறொரு செய்தியும் உண்டு. பெட்ரோலியப் பொருள்களில் பென்சீன் என்பது மாசாகக் கலந்திருக்கக்கூடும். அது குருதிப் புற்றை உண்டாக்கும் பொருள் என்பதில் மருத்துவ உலகிற்கு ஐயமில்லை. 2021 டிசம்பரிலும் 2022 அக்டோபரிலும் அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் இரண்டு, தம் உலர் ஷாம்பூ டப்பாக்களில் பென்சீன் இருக்கக்கூடும் என்று கண்டு, அவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டன. கண்டறிந்த அளவால் உடல்நலக் கேடு நேரும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றும் அவை அறிவித்தன. கேடு நேர்ந்தபின் வழக்கு மன்றம் சென்ற 1909-ஐயும், கேடு நேரும் முன் சரக்கைத் திரும்பப் பெற்ற 2022-ஐயும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், இடையில் மக்கள் பெற்ற விழிப்பு எத்தகையது என்பது புலனாகும். இவ்விழிப்பைத் தொழிலதிபர் தாமாக நல்கவில்லை. சோதனைச் சாலைகளும் சட்டங்களும் நல்கின.

இனி அம்மாணவியரின் வினாவிற்கு வருவோம். டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள் என்பேன். உறிஞ்சும் பொருள் எது என்று பாருங்கள். அரிசி மாப்பொருளோ, சோளம் அல்லது மரவள்ளி மாப்பொருளோ, களிமண் வகையோ இருந்தால் அது பழைய நேர்வழியில் வந்த சரக்கு. இவற்றுள் அரிசி மாப்பொருளின் துகள் மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ மூன்று முதல் எட்டுக் கூறு அளவே இருக்கும். உருளைக்கிழங்கின் துகள்களுள் பெரியவை அதனினும் பத்து மடங்குக்கு மேல் பெரியன. துகள் நுண்ணியதாகுந்தோறும் அதே எடைக்கு மேற்பரப்பு மிகும். மேற்பரப்பு மிக மிக, எண்ணெய் ஒட்டிக்கொள்ள இடம் மிகும். எனவே எண்ணெய்ப்பசை மிக்க தலைக்கு அரிசி மாப்பொருள் பொருத்தமானது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் இடித்த அரிசி மாவைத் தலையில் கொட்டிக்கொள்ள வேண்டாம். அதன் குறுநொய் மயிரில் சிக்கிக்கொள்ளும். அதில் மாப்பொருள் அல்லாத பிறவும் உண்டு.

அடுத்து, அது டப்பியில் தூவும் தூளா, வாயுவால் பீச்சும் டப்பாவா என்று பாருங்கள். இரண்டும் கிடைக்குமாயின் தூவும் தூளையே நான் தேர்வேன். அதில் எரியும் வாயு இல்லை. விலையிலும் பெரும்பகுதி வாயுவிற்குப் போவதில்லை. பீச்சு டப்பாவே வேண்டும் என்போர், சன்னல் திறந்த அறையில், ஒரு சாண் தொலைவில் பிடித்து, மூச்சில் படாதவாறு பயன்படுத்துக.

நம்மவர்க்கு மட்டும் உரிய இடர்ப்பாடு ஒன்றும் இதில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுச் சீமான்கள் வெண்மைக்காகவே தூள் இட்டனர். கருங்கூந்தலை உடைய நமக்கோ அவ்வெண்மைதான் குற்றம். இதற்கென இரும்பு ஆக்சைடு முதலிய நிறமிகளைச் சேர்த்துக் கருமையும் பழுப்புமாகச் செய்த தூள்களும் கிடைக்கின்றன. நிறமற்ற தூளாயினும் முறையாக இட்டால் வெண்மை தங்காது. கூந்தலை வகிர்ந்து வகிர்ந்து வேர்ப்பகுதியில் மட்டும் சிறிது தூவி, இரண்டு மூன்று நிமிடம் வாளா இருக்க வேண்டும். எண்ணெயை உறிஞ்சுவதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டும். பலர் பொறுமையின்றி உடனே வாரிவிட்டுப் பயனில்லை என்று குறை கூறுகின்றனர். பிறகு விரல் நுனியால் தேய்த்துவிட்டு, நெருங்கிய பற்களையுடைய சீப்பாலோ தூரிகையாலோ தலையைக் கவிழ்த்து வாரி உதற வேண்டும். தூள் வியர்வையின் உப்பை நீக்காது. புழுதியையும் பொடுகையும் முற்றும் நீக்காது. அன்றாடம் தூவி வந்தால் அதுவே வேர்களில் அடைந்து அரிப்பைத் தரும். ஆகவே ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், இவ்வாறு கழித்துவிட்டு, நீர் கிடைத்த அன்று தலையை நன்றாக அலசிக் குளித்துவிட வேண்டும்.